இருபதில் நின்ற பீர்

"ரெண்டு தடவை பார்த்தியா?" என்று எம்மெட் கேட்டான்.

"வியாழக்கிழமை ஒரு தடவை, இப்ப ஒரு தடவை. ரெண்டு தடவையும் பன்னெண்டுலதான் நிக்குது," என்றான் லூசியன்.

"பன்னெண்டா? டின்ல பண்ணினப்ப ஒரு நாளாவது இருபதுக்குக் கீழ இறங்கியிருக்குமா?"

"அதுக்குத்தானேடா டின்னைத் தூக்கிப் போட்டேன்."

"சரி சரி. நான் போய்ச் சர்க்கரையைக் காய்ச்சுறேன். நீ அந்தப் பெருமையைக் கொஞ்சம் அடக்கி வை. பாட்டில்ல பீருக்கும் இடம் வேணும்."

நொரீன் அப்போது துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் நின்றிருந்தாள். ஒரு பக்கம் புருஷன் லூசியன், இன்னொரு பக்கம் கூடப் பிறந்த தம்பி எம்மெட். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு என்றால் என்ன, இருபது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. துணியை மடிக்க உள்ளே போய்விட்டாள். அது நடந்து பதினேழு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை கூட அவளுக்கு மறக்கவில்லை. தினமும் ஏதாவது ஒரு நேரத்தில், ஆப்பிள் பொட்டலம் கட்டும்போதோ பாத்திரம் தேய்க்கும்போதோ, அது தானாக வந்து காதில் ஓடும்.

மாக்ஸீ ஊரில், பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கும் ஹாப்ஸ் கொடி சோறு போடாத வீடு கிடையாது. லூசியன் முப்பது வருஷமாக ஹாப்ஸ் உலர்த்தும் சூளையில் வேலை பார்க்கிறவன். அறுவடை மாதத்தில் அவன் சட்டையை நொரீன் எத்தனை தரம் துவைத்தாலும் அந்தக் கசப்பு வாசனை போகாது. இவ்வளவு ஹாப்ஸோடு புழங்குகிறவன் வீட்டில் பீர் காய்ச்சாமல் இருப்பானா? எம்மெட்டும் அவனும் சேர்ந்து ஒன்பது வருஷமாகக் கராஜில் காய்ச்சி வந்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மழையானாலும் பனியானாலும்.

அந்த ஒன்பது வருஷமும் டின்தான். மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு, டின்னில் தேன் போலக் கெட்டியாக வரும். அதை வெந்நீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால் பீர். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன உள்ளே விடும் கண்ணாடி மிதவை கீழே இறங்கிக்கொண்டே வரும். அது எந்த எண்ணில் நிற்கிறதோ, அவ்வளவு இனிப்பு மிச்சம் என்று அர்த்தம். டின் பீர் பெரும்பாலும் இருபதோடு நின்றுவிடும். குடித்தால் நாக்கில் லேசாக ஒட்டும். அப்படியே பாட்டிலில் அடைத்து, ஒன்பது வருஷம் குடித்தார்கள். ஒரு பாட்டில் கூட விரிசல் கண்டதில்லை.

சூளையில் வேலை பார்க்கும் மற்றவர்கள் எல்லாம் தானியத்துக்கு மாறிவிட்டார்கள். உடைத்த மால்ட் பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு, அதன் இனிப்பைத் தாங்களே வடித்தெடுத்துக் காய்ச்சினார்கள். லூசியனைப் பார்த்தால் "பாகுக்காரர் வர்றார்" என்று சிரிப்பார்கள். அது அவனுக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. ஒரு கோடை முழுவதும் அவன் வாயில் வேறு பேச்சு கிடையாது. தானியம் ஊறப்போடப் பெரிய ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கி அடியில் குழாய் பொருத்தினான். தானியத்தில் காய்ச்சினால் பீர் நாக்கில் ஒட்டாது, மிதவை பன்னிரண்டுக்கு இறங்கும், அப்புறம்தான் ஹாப்ஸின் கசப்பு சுத்தமாகத் தெரியும் என்று விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். எம்மெட் விடுவானா? "பார்த்துக்கிட்டே இரு, இதுவும் இருபதுல வந்துதான் படுத்துக்கும்" என்று சீண்டிக்கொண்டே இருந்தான்.

அவர்களுக்குள் வேலைப் பங்கீடு ஒன்று இருந்தது. தண்ணீரும் மிதவையும் லூசியனுடையது. பாட்டிலில் அடைக்கிற அன்றைக்குச் சர்க்கரை காய்ச்சிச் சேர்ப்பதும் மூடி அழுத்துவதும் எம்மெட்டுடையது. பாட்டிலுக்குள் நுரை வர அந்தச் சர்க்கரை வேண்டும், அளவு தப்பக் கூடாது. மூடி போட்டவன்தான் முதல் பாட்டிலைத் திறக்க வேண்டும் என்பது இன்னொரு பழக்கம். யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஆனால் ஒரு தரம் கூட மீறியதில்லை.

பாட்டிலில் அடைத்த பதினோராம் நாள் எம்மெட் முதல் பாட்டிலை எடுக்கச் சாமான் அறைக்குள் போனான். நொரீன் அடுக்களையில் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகை ஒன்று மேலிருந்து விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது தரையெல்லாம் நுரை, கண்ணாடித் தூள், மூக்கை அடைக்கிற ஹாப்ஸ் வாசனை. எம்மெட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை முகத்தில் இருந்தது. விரல் இடுக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"நோரி, விளக்கைப் போடு," என்றான்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

வலது கண்ணில் கண்ணாடி குத்தவில்லை, அடிதான் என்பதால் அது இரண்டு நாளில் தெளிந்தது. இடது கண்ணைச் சியாட்டிலுக்குக் கொண்டு போயும் காப்பாற்ற முடியவில்லை. அங்கே ஒரு டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, தலையில் கட்டோடு படுத்திருந்த எம்மெட்டே பதில் சொன்னான். சர்க்கரையை நான்தான் போட்டேன், பேச்சு சுவாரசியத்தில் இரண்டு தரம் போட்டிருப்பேன் போல, போட்டதாக ஞாபகம் இல்லை, ஆனால் வேறு எப்படி வெடிக்கும் என்றான். லூசியன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் குனிந்து எம்மெட்டின் தோளில் கை வைத்து, "விடுடா, யாருக்கும் நடக்குறதுதான்," என்றான்.

நொரீனுக்கு அன்றைக்கு அது எவ்வளவு பெரிய மனசு என்று பட்டது. அவளும் அழுதுகொண்டே லூசியனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எம்மெட் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். ஒற்றைக் கண்ணுக்கு பஸ் கொடுக்கமாட்டார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று பிள்ளைகள் எல்லாரும் ஒரு அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அதை அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். வேலை போனதைக் கூட அவன் தாங்கிக்கொண்டான். தன் கையை நம்பாமல் போனதுதான் அவனை அரித்தது. மனைவி மாக்ஸின் இறந்த பிறகு ஆறு வருஷமாகத் தனியாக இருந்து, தானே சமைத்து, தானே தோட்டம் பார்த்தவன் அவன். இப்போது காபிக்குச் சர்க்கரை போட்டுவிட்டு, போட்டோமா என்று கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பான். கதவைப் பூட்டும்போது "ஒண்ணு" என்று வாய்விட்டு எண்ணுவான்.

அவனுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் பதினெட்டு அளவு இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். பேனா மாதிரி இருக்கும் ஊசியில் எண்ணைத் திருப்பி வைத்துக் குத்திக்கொள்வது, அவ்வளவுதான். பத்து வருஷமாகச் செய்கிற காரியம். கண் போன பிறகு தினமும் காலை ஆறே முக்காலுக்கு நொரீனுக்குப் போன் வரும்.

"பதினெட்டு, நோரி. திரும்பவும் பார்த்துட்டேன், பதினெட்டுதான்."

"பதினெட்டு. போட்டுக்கோ."

அவன் கையில் இருக்கும் ஊசியின் எண் போனில் அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஆனாலும் அவள் சொன்னால்தான் அவன் குத்திக்கொள்வான். குத்திய உடனே அவள் காதில் விழ "போட்டாச்சு" என்பான். அவள் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வாள். சாயங்காலம் அவன் கேட்டால் சொல்ல வேண்டுமே.

போன வருஷம் ஜூலையில் கராஜைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு லூசியனின் பீர் நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு தரம் காய்ச்சும்போதும் தேதி, தண்ணீரின் சூடு, ஹாப்ஸின் எடை, மிதவையின் எண் எல்லாவற்றையும் லூசியன் அதில் பென்சிலால் எழுதி வைப்பான். ஆணியில் தொங்கும். அன்றைக்கு மால்ட் மூட்டைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. தூசியைத் தட்டிவிட்டு மாட்டப் போனவள், ஏதோ நினைப்பில் அந்த வெடித்த பீர் அடைத்த அக்டோபர் பக்கத்தைத் திருப்பினாள்.

வியாழக்கிழமைக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சனிக்கிழமைக்கு எதிரே இருபது என்று இருந்தது. பன்னிரண்டு என்ற எண் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. தானியம் ஊறிய தண்ணீரின் சூடு ஃபாரன்ஹீட்டில் நூற்று அறுபத்திரண்டு என்றிருந்தது. அதை ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் அவனே போட்டிருந்தான். வாயால் சொன்ன பொய்யை நோட்டில் எழுத அவனுக்குக் கை வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் யாக்கிமாவில் பீர் சாமான் விற்கும் வெல்டாவின் கடைக்குப் போனாள். வெல்டாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நரைத்த முடியைச் சின்னப் பெண்கள் போலக் குதிரைவாலாகக் கட்டியிருப்பாள். யாருடைய பெயரையும் சொல்லாமல் நொரீன் கேட்டாள். தானியத்தில் முதல் தரம் காய்ச்சிய பீர் இருபதில் நின்றால் என்ன அர்த்தம்?

"டின்ல பழகினவங்களா?" என்று வெல்டா கேட்டாள். நொரீன் தலையாட்டினாள்.

"அங்கதான் மாட்டிக்குவாங்க, கண்ணு. டின்ல இருபதுன்னா அது முடிஞ்சு போன கதை. தானியத்துல இருபதுன்னா பாதிக் கதைதான். ஊறப்போடுற தண்ணி நூத்தி ஐம்பத்திரண்டுக்கு மேல சூடாயிருச்சுன்னா, ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரையா நிறைய இறங்கிடும். அதோட விட்டாலும் பரவாயில்ல. நம்ம ஊர்க்காரங்க கடைசியில பச்சையா ஹாப்ஸை அள்ளிப் போடுவாங்களே, வாசனைக்கு. அந்த ஹாப்ஸ் அந்தச் சர்க்கரையை மெல்ல மெல்ல உடைச்சுக் கொடுக்கும். தூங்குற ஈஸ்ட் எந்திரிச்சு மறுபடி தின்ன ஆரம்பிக்கும். அது மூடி போட்ட பாட்டிலுக்குள்ள நடந்தா, வெடிகுண்டுதான்."

"சர்க்கரை ரெண்டு தரம் போட்டிருந்தா?"

"ஒரு தரம் சரியா போட்டிருந்தாலே போதும். முன்னெல்லாம் நாங்களும் சர்க்கரை போட்டவனைத்தான் திட்டுவோம்." வெல்டா கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவளை உற்றுப் பார்த்தாள். "யாருக்காவது அடிபட்டுச்சா?"

நொரீன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். காரில் ஏறி உட்கார்ந்தாள். லூசியன் எதற்காகப் பொய் சொன்னான் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கோடை முழுவதும் பன்னிரண்டு பன்னிரண்டு என்று பீற்றிக்கொண்டவன். எம்மெட் வேறு, இருபதில் வந்துதான் படுக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருந்தான். அப்படியே இருபதில் வந்து படுத்திருக்கிறது. ஒன்பது வருஷம் இருபதில் அடைத்தும் ஒன்றும் ஆகவில்லை, இதுவும் ஆகாது, எதற்கு அவனிடம் ஏச்சு வாங்க வேண்டும் என்று நினைத்திருப்பான். ஒரு சின்னப் பெருமைக்குச் சொன்ன ஒரு சின்ன எண். அந்த அளவில் அதை அவள் மன்னிக்கக் கூட மன்னித்துவிடுவாள். சியாட்டிலில் எம்மெட்டின் தோளில் வைத்த கையைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? முப்பத்தெட்டு வருஷக் குடும்பம். அவளுக்கு மார்பில் ஆபரேஷன் ஆனபோது நர்ஸ் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு கட்டு மாற்றியவன் லூசியன். முகம் சுளித்ததில்லை. எம்மெட்டுக்கும் அவன் குறை வைக்கவில்லை. மலை தாண்டி மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு பதினாலு தரம் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறான். எம்மெட் வீட்டுக் கூரையைத் தனியாளாக மாற்றிக் கொடுத்தான். அந்த அன்பு நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அது நடிப்பாக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். எனக்குத் தெரியும் என்று ஒரு தரம் வாய் திறந்துவிட்டால், அப்புறம் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அவனே சொல்லட்டும் என்று வழி விட்டுப் பார்த்தாள். ஒரு நாள் அந்த நோட்டை அதே பக்கத்தில் திறந்து கராஜ் மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தபோது நோட்டு மூடி ஆணியில் தொங்கியது. பக்கத்தைக் கிழிக்கவில்லை. அன்றிரவு இறைச்சி வைத்துச் சுட்ட அப்பத்தை வெட்டித் தட்டில் வைத்தபடி, இந்த வருஷம் ஹாப்ஸ் கொடியில் பூச்சி அதிகம் என்று அவன் பேசிக்கொண்டிருந்தான். ஆமாம் என்று அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படியே எட்டு மாதம் ஓடியது.

இந்தப் பிப்ரவரி கடைசியில் வெனாட்சீயில் லூசியனின் அக்காள் இறந்து போனாள். அடக்கத்துக்குப் போய் மூன்று நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. கிளம்பும் அவசரத்தில் நொரீன் தன் போனை அடுக்களை மேடையிலேயே விட்டுவிட்டாள். எம்மெட்டுக்கு அப்போது லேசாகக் காய்ச்சல் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் லூசியனின் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை, தூங்குவான் என்று நினைத்தாள். துக்க வீட்டு வேலையில் அப்புறம் ஒன்றும் ஓடவில்லை, தேவையென்றால் லூசியனின் போனுக்கு அடிப்பான் என்று இருந்துவிட்டாள். மூன்று நாளும் அவன் காலையில் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுடைய போனுக்கு அடித்திருக்கிறான். யாரும் எடுக்கவில்லை. அதனால் ஊசியும் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டபோது எம்மெட் அடுக்களைத் தரையில் நினைவில்லாமல் கிடந்தான்.

மேடையில் கிடந்த போனில் இருபத்தாறு அழைப்புகள் இருந்தன.

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்த அன்று நொரீன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். லூசியன் போனுக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்டாள்.

"அவன்கிட்ட எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்றான் எம்மெட். "முதல் தடவை ஆசை ஆசையா தானியத்துல காய்ச்சினான். நான் கெடுத்தேன். கண்ணும் என்னால போச்சு, அவன் ஒரு வருஷமா எனக்கு டிரைவர் வேலை பார்க்குறான். அக்கா செத்துப் போயிருக்கா. அப்பப் போய், ஐயா, நான் ஊசி போட்டுக்கலாமான்னு கேக்கவா?"

"சர்க்கரையால இருக்காது, எம்மெட்," என்றாள். "வெல்டாகிட்ட கேட்டேன். பீர் முழுசா அடங்காம அடைச்சாலும் வெடிக்குமாம்."

"அடங்கிருச்சு, நோரி. லூஷ் ரெண்டு தடவை பார்த்தான்."

"அவன் தப்பாப் பார்த்திருந்தா?"

"ரெண்டு தடவையுமா? நீ என்னைத் தேத்துறதுக்காகச் சொல்ற, எனக்குத் தெரியாதா? வேணாம் நோரி. அவனைக் குறை சொல்லி என்னைத் தூக்கிவிடாத." அவன் அவள் கையைத் தட்டிக் கொடுத்தான். "சர்க்கரை எண்ணத் தெரியாத கை, மருந்து எப்படி எண்ணும்? நான் முடிவு பண்ணிட்டேன்."

அவன் முடிவு செய்தது இதுதான். ஆஸ்பத்திரியின் சார்பில் வந்து பேசிய பெண்மணி, இப்படித் தனியாக இருப்பது ஆபத்து, ஞாபகம் குறைந்தவர்களுக்கான இல்லம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது, மருந்தை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தாள். அங்கே போனால் வீட்டை விற்றுவிட வேண்டும். நாய் கூடாது, தோட்டம் கிடையாது, அடுப்பு கிடையாது. எங்கள் வீட்டோடு வந்து இருடா என்று நொரீன் கெஞ்சியதற்கு, உங்கள் அடுப்பையும் திறந்து வைத்துவிட்டுப் போகவா என்று சிரித்துவிட்டான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து. ஞாபகத்தில் ஒரு கோளாறும் இல்லாத அறுபது வயசு மனுஷன், தனக்குக் கோளாறு என்று தானே எழுதிக் கொடுக்கத் தயாராகிவிட்டான். அவள் எதைச் சொன்னாலும் அது அக்காளின் ஆறுதலாகத்தான் அவன் காதில் விழும் என்று நொரீனுக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

எம்மெட்டை வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பின் அறையில் படுக்கை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை லூசியன் கராஜில் அடுப்பைப் பற்ற வைத்தான். பின்னால் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க எம்மெட்டுக்குக் கொஞ்சம் பீர் காய்ச்சப் போவதாகச் சொன்னான். வாரத்துக்கு ஒரு பாட்டில் அனுமதி உண்டாம், கேட்டுவிட்டானாம். முதல் தடவை சூட்டில் தடுமாறியவனுக்கு இப்போது தானிய வேலை கையில் படிந்துவிட்டது. ஐஸ் பெட்டியில் ஊற்றிய வெந்நீரில் உடைத்த பார்லியை அவன் கொட்டக் கொட்ட, நொரீன் மரத் துடுப்பால் கிளறினாள். உடைத்த பார்லியை அவன் கொட்டக் கொட்ட, நொரீன் மரத் துடுப்பால் கிளறினாள். ஆவியில் ரொட்டி வேகிற வாசனை எழுந்தது. வெளியே மொட்டைக் கம்பங்களாக நின்ற ஹாப்ஸ் தோட்டத்தில் காற்று ஊளையிட்டது.

ஒரு மணி நேரம் ஊறிய பிறகு லூசியன் குழாயைத் திறந்தான். இனிப்பு நீர் பழுப்பாக நூல் போல இறங்க ஆரம்பித்தது. அப்போது எம்மெட் வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். முகம் வற்றியிருந்தது.

"வாடா, வந்து ஒரு கிளறு கிளறு," என்றான் லூசியன்.

"வேண்டாம்ப்பா. நான் தொட்டா அப்புறம் அந்த இல்லத்துக்குக் கூரை இருக்காது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான் எம்மெட். இரண்டு கையும் கோட்டுப் பையில் இருந்தது, வெளியே எடுக்கவேயில்லை. கொஞ்ச நேரம் குழாயிலிருந்து வடிவதைப் பார்த்தான். "நல்ல நிறம்," என்றான். நொரீன் பக்கம் திரும்பி, மாத்திரை டப்பாவைப் பெட்டியில் வைத்துவிட்டேனா என்று ஞாபகம் இல்லை, வந்து ஒரு தரம் பார்க்க முடியுமா என்று கேட்டான். வைத்ததைப் பார்த்தேன் என்று அவள் சொன்னாள். அப்படியா என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். போகும்போது கதவை மூடி, திறந்து, மறுபடி மூடினான். "ஒண்ணு" என்று அவன் சொன்னது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

லூசியன் குனிந்து குழாயைச் சரிசெய்தான். சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லை.

"நாளைக்கு நீ லீவு போட வேண்டாம்," என்றான். "நானே கூட்டிட்டுப் போய்க் கையெழுத்துப் போட வச்சுட்டு வந்துர்றேன். உனக்குப் பார்க்கக் கஷ்டமா இருக்கும்."

அதைக் கேட்டதும் நொரீனுக்குக் கோபம் வரும் என்று அவளே நினைத்தாள். வரவில்லை. எட்டு மாதமாக நெஞ்சில் ஏதோ ஒன்றைத் தாங்கிப் பிடித்திருந்த கை தளர்ந்தது போல இருந்தது. இவன் இதையும் அன்பாகவே செய்து முடிப்பான். பேனாவைக் கூட எடுத்துக் கொடுப்பான். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டிலோடு போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவளும் கூடப் போவாள்.

அவள் துடுப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"லூஷ், குழாயை மூடு."

"நடுவுல மூடினா அடைச்சுக்கும்."

"அடைக்கட்டும்."

அவன் மூடினான். நிமிரவில்லை. அந்த முதுகைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்தது. நோட்டை மேஜையில் பார்த்த நாளிலிருந்து அவனும் இந்த நேரத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். வந்துவிடக் கூடாது என்றும், வந்தால் தேவலை என்றும்.

"முப்பத்தெட்டு வருஷத்துல நான் உன்கிட்டப் பெருசா எதையும் கேட்டதில்ல," என்றாள்.

"இல்ல," என்றான் அவன். "கேட்டதில்ல."

"இப்பக் கேக்குறேன். உள்ள போ. அவன் பெட்டி அடுக்கிக்கிட்டு இருக்கான். அவன் எதிர்ல உக்காரு. மிதவை இருபதுல நின்னுச்சு, பன்னெண்டுன்னு நான்தான் பொய் சொன்னேன், நீ போட்ட சர்க்கரை சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறான், லூஷ். நீ சொன்னாத்தான் நம்புவான். அதுக்கப்புறம் அவன் உன் முகத்துல முழிப்பானா, நீயும் நானும் என்ன ஆவோம், எனக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு அவன் அந்தக் காகிதத்தைத் தொடறதுக்கு முன்னால, இப்பவே போய் அவன்கிட்டச் சொல்லு."